குணகட்டுவா கடித்தால்

(கிளைத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்மையில் கொழுந்து மலையில் நம்முடைய தங்கச்சி ஒருத்தியைக் குணகட்டுவா கடித்தது. "சின்னப் பாம்புதானே, ஒன்றும் செய்யாது, நிறுவை முடிந்ததும் போ" என்றார் கங்காணி. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தோம்.

குணகட்டுவா விஷப் பாம்புதான். விரியன் இனம். சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்றும் சொல்வார்கள். நீளம் ஏறக்குறைய ஒரு முழம். தலை முக்கோணமாக இருக்கும், மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும். சருகின் நிறம் என்பதால் தேயிலைத் தூரடியிலும் இறப்பர் காட்டிலும் கிடந்தால் கண்ணுக்குப் படாது. ஆள் வந்தாலும் இலேசில் நகராது. புல் வெட்டும் கையும் வெறுங்காலும்தான் அதற்கு அகப்படுகின்றன. நம் நாட்டில் விஷப்பாம்புக் கடிகளில் பெரும்பங்கு இதனால்தான்.

கடிபட்ட இடம் கடுமையாக வலிக்கும், வீங்கும், கொப்புளம் போடும். பலருக்கு அதோடு ஆறிவிடும். சிலருக்குச் சதை அழுகி, விரலையே எடுக்க வேண்டி வருகிறது. இன்னும் சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். அபூர்வமாக உயிரும் போயிருக்கிறது.

ஆஸ்பத்திரிகளில் உள்ள இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கண்டங்கருவளை, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் செய்யப்பட்டது. குணகட்டுவாவின் விஷத்தை அது முறிக்காது. "பிறகு ஆஸ்பத்திரிக்கு எதற்கு?" என்று ஒரு தாத்தா நம்மிடம் கேட்டார். நல்ல கேள்விதான். அங்கே இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீர் குறைகிறதா என்று கவனிப்பார்கள். சிறுநீரகம் பழுதானால் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க அனுப்புவார்கள். இன்னொன்றும் இருக்கிறது: கண்ணாடி விரியன் குட்டியைக் குணகட்டுவா என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. அதற்கு அந்த மருந்து உடனே வேண்டும். ஆகவே எந்தப் பாம்பு என்பதை லயத்துக்குள்ளேயே நாம் தீர்மானிக்கக் கூடாது.

கடித்தவுடன் மோதிரம், காப்பு, மெட்டியைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், பிளேடால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். வலிக்கென்று அஸ்பிரின் கொடுக்க வேண்டாம், அது இரத்தப்போக்கைக் கூட்டும். பாம்பை அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம்.

வேலை நேரத்தில் கடித்தால் தோட்டப் புத்தகத்தில் நேரம், மலை, சாட்சி எல்லாவற்றையும் அன்றே பதியச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலையில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால், பாம்பு லயத்தில்தான் கடித்தது என்று சொல்லிவிடுவார்கள். நம்முடைய தங்கச்சிக்கு நேர்ந்தது அதுதான்.

சப்பாத்தும் கையுறையும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதப் போகிறோம். இரவில் நோயாளியை ஏற்ற வாகனம் இல்லாத டிவிசன்களின் பெயர்களை, கிளைத் தலைவர்கள் இன்று போவதற்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.