பறக்கும் எலி காணாமப் போற கதை

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம ஊர் முருங்கைப் பூவுல 'ஙொய்ங்'னு சுத்துற கருவண்டு பம்பிள் பீ கிடையாது. இந்தியாவுல பம்பிள் பீ பாக்கணும்னா இமயமலைப் பக்கம் போகணும். ஆனா இன்னைக்கு நாம போறது அதைவிட ரொம்ப தூரம், தென் அமெரிக்காவோட கீழ்க்கோடிக்கு.

சிலியிலயும் அர்ஜென்டினாவோட படகோனியா பக்கத்துலயும் வாழுற 'பாம்பஸ் டால்போமி'தான் உலகத்துலயே பெரிய பம்பிள் பீ. ராணி 3, 4 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். முதுகு, வயிறு எல்லாம் அடர்த்தியான ஆரஞ்சு ரோமம். செல்லப் பேரே 'பறக்கும் எலி'தான். குளிரான மலைக்காடுகள்தான் வீடு. வடக்க சிலியோட நடுப்பகுதியில ஆரம்பிச்சு தெற்க டியெர்ரா டெல் ஃபுவேகோ தீவு வரைக்கும் பரவியிருந்துச்சு. படகோனியா காடுகளோட சொந்த பம்பிள் பீ இது ஒண்ணுதான். அமான்காய்னு மஞ்சள் நிறத்துல ஒரு காட்டுப் பூ இருக்கு, அதுக்கு மகரந்தம் சுமக்குறதே இதுதான்.

'பரவியிருந்துச்சு'ன்னு ஏன் சொல்றேன்னா, காரணம் தக்காளி. தக்காளிப் பூவைப் பிடிச்சு வேகமா அதிரவெச்சாதான் மகரந்தம் நல்லா கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது, பம்பிள் பீக்குத் தெரியும். அதனால ஐரோப்பாவுல பம்பிள் பீயைப் பெட்டியில வளர்த்து விக்கிறது பெரிய பிசினஸ். சிலி ஏற்கெனவே 1982-ல க்ளோவர் பயிருக்காக ஒரு வெளியூர் இனத்தைக் கொண்டுவந்துச்சு. 90கள் கடைசியில பசுமைக்குடில் தக்காளிக்காக 'பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ்' வந்துச்சு. டெஸ்ட் பண்ணாம நேரா ப்ரொடக்‌ஷன்ல தள்ளின மாதிரி. இதுல ரோல்பேக் பட்டன் வேற கிடையாது.

பெட்டியை விட்டு வெளிய வந்தது அங்கயே நிக்கல. 2006-ல ஆண்டீஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவுக்குள்ள வந்துடுச்சு. வருஷத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்துல பரவுச்சு. எனக்கு ரொம்ப உறுத்துறது இதுதான்: அர்ஜென்டினா அந்த இனத்தை உள்ள விடவே இல்ல. முடிவெடுத்தது பக்கத்து நாடு, இழந்தது இவங்களும்தான். வந்த இடத்துல எல்லாம் ஆரஞ்சு ராட்சதன் மளமளன்னு குறைஞ்சுது. பரிலோச்சே பக்கத்துக் காடுகள்ல அமான்காய் பூவுல இப்போ உக்காந்திருக்கிறது பெரும்பாலும் வெளியூர்க்காரன்தான். பூவுக்கான போட்டி ஒரு காரணம். அதைவிட, டெரஸ்ட்ரிஸ் சுமந்துட்டு வந்த குடல் ஒட்டுண்ணிகள் மேலதான் ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் அதிகம். 2016-ல ஐயுசிஎன் சிவப்புப் பட்டியல்ல டால்போமி 'அழியும் ஆபத்தில்' இருக்குற இனமாச் சேர்ந்துச்சு.

சிலியில 'நம்ம பம்பிள் பீயைக் காப்பாத்துவோம்'ங்கிற அர்த்தத்துல ஸ்பானிஷ் பேர் வெச்சு ஒரு மக்கள் அறிவியல் திட்டம் நடக்குது. எங்க பார்த்தாலும் போட்டோ எடுத்து அனுப்பணும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் டிரெக்கிங் போற நண்பர்கள் இருந்தா சொல்லுங்க: கறுப்பு உடம்புல மஞ்சள் பட்டை, வெள்ளை வால்னா அது டெரஸ்ட்ரிஸ். உடம்பு பூரா ஆரஞ்சுன்னா உடனே கேமராவை எடுக்கச் சொல்லுங்க.