குறியைத் தொட்டறியும் கை

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைத் தேக்காச் சந்தையில் சேரும் கீரைக்கழிவையும் மீன்செதிலையும் அன்றாடம் அகற்றாவிட்டால் மறுநாள் கடை விரிக்க முடியாது. நகரத்துக் குப்பை லாரியேறித் துவாஸ் போன்ற இடங்களிலுள்ள எரியாலைக்குப் போகிறது. நம் உடம்பின் உயிரணுக்களிலும் இதே வேலை ஓயாமல் நடக்கிறது. அங்கே குப்பை என்பது பழுதான புரதம்.

எது குப்பை என்று எப்படித் தெரியும்? தோட்டத்தில் வெட்ட வேண்டிய பால்மரத்துக்குச் சாயக்குறி வைப்பது போல, உயிரணுவும் குறி வைக்கிறது. அந்தக் குறி யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம். 76 அமினோ அமிலங்கள் கோத்த சரம். இதன் வேலையைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

குறி வைத்தால் மட்டும் மரம் சாயுமா? குறியைக் கண்டு கோடரி எடுப்பவர் வேண்டுமல்லவா? பி62 என்னும் புரதம் அப்படிப்பட்ட ஆள். அதன் வால்பகுதியில் சுமார் 50 அமினோ அமிலங்கள் மூன்று சுருள்களாக மடிந்து நெருங்கி நிற்கின்றன. இதற்கு யுபிஏ கூறு என்று பெயர். (புரதச் சரம் எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று 1963இல் படம் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். இராமச்சந்திரன் குழுவினர். புரத வடிவங்களைச் சரிபார்க்க உலகம் இன்றும் அந்தப் படத்தைத்தான் புரட்டுகிறது.) யுபிக்விட்டினின் மேல் தண்ணீர் ஒட்டாத சிறு பரப்பு ஒன்றுண்டு. யுபிஏ அதைத் தொட்டுப் பிடிக்கிறது. இலேசான பிடிதான், ஆனால் பல குறிகளைப் பல கைகள் சேர்ந்து பிடித்தால் இறுகிவிடும். பி62இன் வேறொரு பகுதி, கழிவைச் சுற்றி வளைக்கும் சவ்வுப் பையைப் பற்றுகிறது. ஒரு கை குப்பையில், மறு கை லாரியில்! பைக்குள் போனது செரிக்கப்படுகிறது.

இந்தக் கை பழுதானால்? 2002இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், பிரெஞ்சு வழிக் குடும்பங்கள் சிலவற்றில் பேஜெட் எலும்பு நோய்க்குக் காரணம் தேடியபோது, பி62இன் 392ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின் இருந்தது. ஒரே ஒரு மணி மாறியிருக்கிறது! இந்நோயில் எலும்பைக் கரைக்கும் அணுக்கள் அளவு மீறி வேலை செய்கின்றன. புது எலும்பு தாறுமாறாக வளர்கிறது. கால் வளையலாம், எலும்பு முறியலாம்.

ஆசிய மக்களிடம் இது அரிது. ஆகவே முதியவர்களின் முழங்கால் வலியையெல்லாம் இதோடு சேர்த்து அஞ்ச வேண்டாம். எக்ஸ்ரே படமும் இரத்தப் பரிசோதனையும் இதைக் காட்டிக் கொடுக்கும். எலும்புக் கரைப்பை அடக்கும் மருந்தும் இருக்கிறது.