கொல்லைப்புறத்தில் காயும் கண்டம்



பொங்கல் விடுமுறையைப் பற்றிப் பேசு என்றால் கரும்பு, கோலம், மாடு விரட்டுவது என்று முடித்துக்கொள்ளலாம். நான் உப்புக்கண்டம் பற்றிப் பேசப் போகிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது அந்த வாசனை தெரியும். தெரியும் என்று அலுவலகத்தில், விடுதியில், வாடகைக்கு வீடு கேட்கும்போது எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

இந்தப் பொங்கலுக்கு நண்பர்கள் நான்கு பேர் சேதராப்பட்டில் ஒரு தோழர் வீட்டில் தங்கினோம். சேதராப்பட்டு என்றதும் தொழிற்பேட்டைதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதை ஒட்டி மனிதர்களும் வாழ்கிறார்கள். காணும் பொங்கலுக்கு மறுநாள் அந்த வீட்டில் கண்டம் போட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் அரிவாள்மனையோடு வந்துவிட்டார்கள். எட்டுக் கிலோ மாட்டுக்கறி. கொழுப்பை ஒதுக்கிவிட்டு, சதை ஓடுகிற போக்கிலேயே நீளநீளமாக அறுக்க வேண்டும். நான் குறுக்கே கத்தி வைக்கப் போனேன். தோழரின் ஆயா கையைப் பிடித்துக்கொண்டார்: "வாராட்டம் வரணும்பா. துண்டு துண்டா போட்டா கயித்துல நிக்காது."

கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி ஊறவைத்து, கோணி ஊசியால் கயிற்றில் கோத்து, இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டினோம். காக்கை ஓட்டுவது பிள்ளைகள் வேலை. பொழுது சாய்ந்தால் எடுத்து உள்ளே வைக்க வேண்டும், பனி படக் கூடாது. மூன்று நான்கு வெயில் காய்ந்தால் கட்டையாகிவிடும். பானையில் போட்டுத் துணியால் வாய் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் வரும். தணலில் சுட்டுத் தட்டிப் போட்டால் கஞ்சிக்குக் கடித்துக்கொள்ளலாம். மொச்சையும் கத்தரிக்காயும் சேர்த்துக் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். கூலி கிடைக்காத நாட்களுக்காக, குளிர்பதனப் பெட்டி என்ற ஒன்றே தெரியாத காலத்தில் நம் பாட்டிகள் கண்டுபிடித்த அறிவியல் இது. எந்தச் சமையல் நிகழ்ச்சியும் இதைப் 'பாரம்பரிய உணவு' என்று சொல்வதில்லை. கம்பங்கூழுக்குக் கிடைத்த மரியாதை கண்டத்துக்குக் கிடைக்கவில்லை.

வீட்டு முன்பக்கம்தான் நல்ல வெயில். கயிறு கட்டியதோ கொல்லையில், மறைப்புக்கு ஒரு பழைய புடவை வேறு. "முன்னாடி கட்டினா சீக்கிரம் காயுமே ஆயா?" என்று கேட்டேன். "வெயிலு நல்லாத்தான் இருக்கும். ரோட்ல போறவன் கண்ணுதான் நல்லா இருக்காது" என்றார்.

அந்தக் கண் யாருடையது? 1948இல் வெளிவந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில் அம்பேத்கர் இதைத்தான் ஆராய்ந்தார். மாட்டிறைச்சி உண்பதற்கும் தீண்டாமையின் தோற்றத்துக்கும் உள்ள தொடர்பை அவர் அளவுக்கு யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. அந்தக் கண் வடக்கே 2015இல் தாத்ரியில் ஒருவரை அடித்தே கொன்றது. இங்கே அது அடிப்பதில்லை, பட்டியல் போடுகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. கோழி உண்டு, ஆடு உண்டு, மாடு இல்லை. ஆம்பூரில்! மாட்டுக்கறி பிரியாணி இல்லாமல் அந்த ஊரில் பிரியாணித் திருவிழாவா? எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். இப்படி விலக்குவதைப் பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் இதே கதை. கேள்வி எழுந்த பிறகுதான் மாட்டுக்கறிக் கடைக்கு இடம் வந்தது.

சேர்ந்து உண்பது நம் இயக்கத்தின் பழைய ஆயுதம். 1917இல் கேரளத்துச் செறாயில் சகோதரன் அய்யப்பன் புலையர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவருடைய சொந்தச் சாதியினரே 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். அவர் அதைப் பட்டமாக வைத்துக்கொண்டார். நம் புதுச்சேரியில் பத்தாண்டு தஞ்சமிருந்த வ.வே.சு. அய்யர், பிறகு நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைக்க ஒப்புக்கொண்டார். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து எழுந்தார்கள். அன்றைய சண்டை, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது. அதில் நாம் ஓரளவு வென்றோம். இலையில் என்ன விழுகிறது என்ற சண்டையை நாம் இன்னும் தொடங்கவேயில்லை.

சமத்துவப் பொங்கல் வைக்கிறோம். சர்க்கரைப் பொங்கல், வடை, சாம்பார். 'எல்லோரும் சாப்பிடுவது மாதிரி இருக்கட்டும்' என்கிறோம். அந்த 'எல்லோரும்' யார் நாக்கை வைத்து அளக்கப்படுகிறார்கள்? சேரியிலிருந்து வருகிறவர் தன் சாப்பாட்டை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும், மற்றவர் எதையும் விட வேண்டியதில்லை. இப்படியே போனால் நூறு பந்தி நடத்தினாலும் ஆயாவின் கயிறு கொல்லையில்தான் தொங்கும். சாப்பிடாதவர்களை வற்புறுத்தச் சொல்லவில்லை. அவர்களுக்குச் சாம்பார் இருக்கட்டும். பக்கத்தில் கண்டக் குழம்பும் அதே மேசையில் இருக்கட்டும், பெயர் எழுதி.

ஏப்ரல் 14 விருந்துக்கு எலுமிச்சை சோறும் தயிர் சோறும் என்று நம் குழு போட்ட பட்டியலைப் பார்த்தேன். மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிலர் வரமாட்டார்கள் என்று ஒரு தோழர் சொன்னார். யார் என்று கேட்டேன், பெயர் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் இதை வாக்கெடுப்புக்கு விடுகிறார்கள். வந்து கை தூக்குங்கள். சமைக்க சேதராப்பட்டிலிருந்து ஆயா வருவதாகச் சொல்லியிருக்கிறார், கண்டத்தையும் அவரே கொண்டுவருகிறாராம்.