குளம் கட்டுவோரும் சான்றிதழும்



மட்டக்களப்பிலே நீச்சற் குளம் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கின்றது. அதற்கப்பால் கடல் கிடக்கின்றது. நீந்துவதற்கு நீருக்கா பஞ்சம்? ஆயினும், 2009ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தபின் பாசிக்குடாக் கரையிலே உல்லாச விடுதிகள் எழுந்தன. அவற்றோடு நீச்சற் குளங்களும் எழுந்தன. அவற்றைக் கட்டும் கைகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

எழுவான்கரை மணற்பாங்கான நிலம். சில முழம் தோண்டினாலே நீர் சுரக்கும் என்பதை அங்கே கிணறு வெட்டியவர் எவரும் அறிவர். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை பொழியுங்கால் அந்நீர் இன்னும் மேலேறி வரும். ஆகவே குளம் கட்டுவோனுக்கு முதற் பகை குளத்தின் உள்ளே நிற்கும் நீரன்று. வெளியே நிற்கும் நீரே. 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் உள்ள குளம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் அடித்தளத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நிலத்தடி நீர் நிற்குமாயின், ஏறத்தாழ 50 தொன் பாரத்தைத் தூக்கவல்ல விசை அதனைக் கீழிருந்து தள்ளும். குளம் நிறைந்திருக்கும்வரை கவலையில்லை. உள்நீரின் பாரம் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். துப்புரவு செய்வதற்கென்று மாரிகாலத்தில் யாரேனும் நீரை இறைத்துவிட்டாலோ, கட்டிய தொட்டி தோணிபோலக் கிளம்பும், தளம் வெடிக்கும். இதற்காகவே அடித்தளத்தில் ஒரு வால்வு வைப்பதுண்டு. வெளிநீரின் அழுத்தம் மிகும்போது அது தானே திறந்து அந்நீரை உள்ளே விட்டுவிடும். கைக்குள் அடங்கும் பொருள்தான். மறந்தவனுக்கு நட்டமோ பெரிது.

அநுராதபுரத்துக் குட்டம் பொக்குண எனும் இரட்டைக் குளத்தைக் கண்டவர்கள், நீர் குளத்துள் புகுமுன் மண்டி படிவதற்கெனச் சிறு தொட்டிகள் அமைந்திருப்பதையும் கண்டிருப்பர். அவற்றைச் சமைத்தோரிடம் எவர் சான்றிதழ் கேட்டார்?

இன்று கேட்கின்றார்கள், கேட்பதில் நியாயமும் உண்டு. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் வடிகாற் துவாரம் இழுத்த இழுப்பில் அகப்பட்டு மாண்டாள். 2007இல் அந்நாட்டிலே அதற்கென ஒரு சட்டமே வந்தது. வடிகாலுக்குத் தக்க மூடி வேண்டும். ஒன்று அடைபட்டால் மற்றொன்று இழுக்க, துவாரங்கள் விலகியிருக்க வேண்டும். நீருக்குள் எரியும் விளக்கின் மின்சாரமும் இத்தகையதே. புளோரிடா மாநிலத்தில் நீச்சற் குள ஒப்பந்தகாரர்க்கெனத் தனி உரிமமே உண்டு.

நம் நாட்டில் வழி யாது? குளம் கட்டுவது ஒரு தொழிலன்று. கம்பி வளைப்போர், மேசன்மார், குழாய் பொருத்துவோர், மின்வினைஞர் ஆகியோர் கூடிச் செய்யும் வேலை. தேசிய தொழிற்றகைமை 7 மட்டங்களை உடையது. அதில் 4ஆம் மட்டம் தனித்து நின்று வேலை முடிக்கவல்ல வினைஞனுக்கு உரியது. பள்ளிக்கூடத்திற் கற்காமல், அனுபவத்தாற் கற்றவரும் தம் திறமையை மதிப்பீட்டாளர் முன் காட்டி அதனைப் பெறலாம். கட்டுமானத் துறையின் திறன்மிகு தொழிலாளரைப் பதிவுசெய்து அடையாள அட்டை வழங்கவும் 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கின்றது.

எனக்குத் தெரிந்த மேசன் ஒருவர் இருக்கின்றார். வளைகுடா நாடொன்றில் ஆறு ஆண்டுகள் குளங்கள் கட்டியவர். ஆனால் கையிற் கடதாசி எதுவும் இல்லாமையால், உதவியாளர் சம்பளமே பெற்றவர். ஊர் திரும்பியபின் மதிப்பீட்டுக்குச் சென்றார். பூசிக் காட்டச் சொன்னபோது கை தயங்கவில்லை. கம்பிக்கும் கொங்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே இத்தனை கனம் ஏன் விடுகின்றீர் என்று கேட்டபோதுதான் நா தடுமாறிற்று. உப்பு நீர் ஊறிக் கம்பி துருப்பிடிக்கும் என்பது அவர் அறியாததன்று. இருபது வருடம் செய்த வேலையை ஒருவரும் அவரிடம் ஏனென்று கேட்டதில்லை, அவ்வளவே. பழைய வேலைகளுக்குச் சான்று கேட்டபோதும் இடர்ப்பட்டார். கட்டியவை யாவும் ஓட்டுக்கும் சீமெந்துக்கும் அடியில் அன்றோ கிடக்கின்றன!

இரண்டாம் முறை சென்று தேறினார். இப்பொழுது கொங்கிரீட் கொட்டுமுன் வேலையைச் சிறிது நிறுத்துகின்றார். கட்டிய கம்பியையும், குழாய்களையும், அடியில் வைத்த வால்வையும் கைத்தொலைபேசியிற் படமெடுத்துக்கொண்ட பின்னரே, “ஊத்துங்க தம்பி” என்கின்றார்.