பாட்டு கிளாசுக்குத் துணைக்குப் போக ஆள் வேணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



என்னை அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. கடன், வட்டி, தணிக்கை பத்தி எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க. நான் நம்ம பிள்ளைகள் பாட்டு கத்துக்கிறது பத்திப் பேசறேன். சிரிக்காதீங்க, இதுலயும் கணக்கு இருக்கு.

அரசுப் பள்ளிகள்ல கலைத் திருவிழா நடக்குது. 2022-23 கல்வியாண்டுல ஆரம்பிச்சது. முதல்ல பள்ளி, அப்புறம் வட்டாரம், மாவட்டம், கடைசியில மாநிலம். மாநிலத்துல ஜெயிக்கிற பிள்ளைகளுக்கு கலையரசன், கலையரசின்னு பட்டம். நாம ஒரு பைசா கட்ட வேண்டாம்.

போன வருஷம் என் பொண்ணு எட்டாவது படிச்சா. கிராமியப் பாட்டுக் குழுவுல அஞ்சு பொண்ணுங்க சேர்ந்தாங்க. பாட்டுக்குன்னு தனி டீச்சர் அங்க இல்லை, தமிழ் டீச்சரே சொல்லிக் குடுத்தாங்க. ஸ்கூல் விட்ட பிறகுதான் பயிற்சி. ஒரு வாரம் முடியறதுக்குள்ள மூணு பொண்ணுங்க நின்னுட்டாங்க. பாட வராம இல்லை. இருட்டுற நேரத்துல ஹைவே தாண்டி வீட்டுக்கு வரணும், யார் அனுப்புவாங்க? எங்க வீட்லயும் எங்க அத்தை, "இவ பாடி என்னத்தைக் கிழிக்கப் போறா"ன்னு கேட்டாங்க.

அந்த வாரக் குழுக் கூட்டத்துல சேமிப்பு எழுதி முடிச்ச பிறகு இந்தப் பேச்சை எடுத்தேன். கொத்தமல்லி கட்டு கட்டப் போற ஒரு அக்கா சொன்னாங்க, "தினம் ஒருத்தி போய் உட்காரலாமே. பூ கட்டறவ அங்கேயே உட்கார்ந்து கட்டட்டும்." அவ்வளவுதான். யார் யாருக்கு எந்தக் கிழமைன்னு எழுதினோம், கடன் தவணை எழுதற அதே நோட்டுல. நின்ன மூணு பேரும் திரும்ப வந்தாங்க. எனக்கு வியாழக்கிழமை. சில நாள் கோபமா வந்தது, வீட்ல மாவு அரைக்காம கிடக்கும். ஆனா போனேன்.

பொண்ணு வீட்லயும் பாடிப் பாடிப் பார்ப்பா. ஒருநாள் எங்க அத்தை அடுப்படியில இருந்து, "நடவுப் பாட்டை இப்படியா இழுப்பாங்க"ன்னு வந்து, தெலுங்குல பாட ஆரம்பிச்சாங்க. நிறுத்தவே இல்லை. நான் கல்யாணமாகி வந்து பதினாறு வருஷம் ஆச்சு. அவங்க பாடி நான் கேட்டது அன்னைக்குத்தான்.

வட்டாரத்துல ரெண்டாவது பரிசு. அதோட முடிஞ்சது. பிள்ளைகள் பஸ்ல அழுதுகிட்டே வந்தாங்க, ஊர் வர்றதுக்குள்ள திரும்பவும் பாட ஆரம்பிச்சிட்டாங்க. மறுநாள் என் பொண்ணு கேட்டா, "அம்மா, இனிமே எங்க போய் கத்துக்கிறது?"

விசாரிச்சேன். கிருஷ்ணகிரியில மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம்னு ஏழு பாடம். 12 வயசுல இருந்து 25 வரைக்கும் சேரலாம். மூணு வருஷப் படிப்பு. நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும், மத்ததுக்கு ஏழாவது பாஸ் பண்ணியிருக்கணும். கட்டணம் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான், அரசாங்கமே மாசம் 400 ரூபாய் உதவித்தொகை குடுக்குது. ஆனா வகுப்பு பகல்ல. ஸ்கூல் போற பிள்ளை எப்படிப் போகும்? அவங்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றம்னு கலை பண்பாட்டுத் துறை நடத்துது, 5 முதல் 16 வயசு வரைக்கும், சனி ஞாயிறுல வகுப்பு. இங்கிருந்து கிருஷ்ணகிரி 25 கிலோமீட்டருக்கு மேல. நமக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ல மட்டும்தான். ஹைவேல போற மத்த பஸ்ல ரெண்டு பேருக்கும் டிக்கெட். துணைக்குப் போறவங்களுக்கு அன்னைக்குக் கூலியும் போச்சு. கட்டணம் போக மத்ததெல்லாம் நம்ம தலையில.

எங்க தெருவுல ஒரு பொண்ணு, பிளஸ் டூ முடிச்சவ. நல்லாப் பாடுவா. இசைப்பள்ளிக்குப் போறேன்னு ரெண்டு மாசம் கேட்டா. கடைசியில கம்பெனி வேன்ல ஏறிட்டா. அவங்க அம்மா நம்ம உறுப்பினர்தான். வீட்ல கடன் இருக்கு, மாசம் 400 ரூபாய் எதுக்கு ஆகும்? அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா அவ இப்ப பாடறதில்லை. அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வர்றதில்லை.

இன்னொண்ணும் சொல்லணும். கலை விழான்னா மேடை போட்டு, வெளியூர் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பணம் குடுத்து, நாம கீழ உட்கார்ந்து பார்க்கிறதுன்னுதான் நினைச்சிருந்தேன். சென்னை பெசன்ட் நகர் பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பம்னு மீனவர் குப்பம் இருக்கு. அங்க 2015-ல பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் குப்பத்து மக்களும் மத்தவங்களும் சேர்ந்து ஒரு விழா ஆரம்பிச்சாங்க. சபாவுல டிக்கெட் வாங்கிக் கேட்கிற கச்சேரியை எல்லையம்மன் கோயில் முன்னாடி சும்மா கேட்டாங்க. அதே விழாவுல பறையாட்டமும் நடந்தது. போன்ல வீடியோ பார்த்தேன். பறைன்னா முகம் சுளிக்கிற ஆளுங்க நம்ம ஊர்லயும் உண்டு, நம்ம குழுவுலயும் உண்டு. கோவிச்சுக்காதீங்க, உள்ளதைத்தான் சொல்றேன்.

நம்மகிட்ட தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் பாடறவங்க இருக்காங்க. கோலாட்டம் தெரிஞ்சவங்க இருக்காங்க. அதனால கூட்டமைப்புத் தலைவி அக்காகிட்ட ரெண்டு விஷயம் கேட்கறேன். அடுத்த ஆண்டு விழாவுல ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், அந்த நேரத்தை உறுப்பினர்களுக்கும் பிள்ளைகளுக்கும் குடுங்க. பறை அடிக்கத் தெரிஞ்ச பிள்ளைகளையும் அதே மேடையில ஏத்துங்க. மிச்சமாகிற பணத்தை, சனி ஞாயிறு வகுப்புக்குப் போற பிள்ளைகளுக்கும் துணைக்குப் போறவங்களுக்கும் பஸ் செலவுக்கு ஒதுக்கித் தீர்மானம் போடுங்க. துணைக்குப் போற முறையை நாங்க எழுதிக்கிறோம்.

எங்க குழுவுல நாலு பேர் சரின்னுட்டாங்க. எங்க அத்தையும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, பஸ்ல ஜன்னல் சீட்டு குடுத்தா. பேர் குடுக்கறவங்க சாப்பாட்டுக்கு முன்னாடியே குடுத்திடுங்க, சாப்பிட்டதும் எல்லாரும் பஸ் பிடிக்க ஓடிடுவீங்க. நோட்டு என்கிட்ட இருக்கு.