நிலையான விலாசம்



எங்கள் மணவூருக்கு அண்மையிலுள்ளது திருத்தணிகை. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அவ்வூர் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. மலையும் அசையவில்லை, வீடுகளும் அசையவில்லை. விலாசம் மட்டும் மாறிற்று. 1972-இல் அஞ்சல் குறியீட்டெண் வந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் தோன்றியது. விலாசம் பழையதாயினும், ஊரையும் ஆளையும் அறிந்த தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

மின்னஞ்சலிலோ அத்தகைய தபால்காரர் இல்லை. இதனை நான் பட்டறிந்தேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் அறிக்கைகளில் காரியதரிசியின் சொந்த மின்னஞ்சல் விலாசத்தையே அச்சிட்டு வந்தோம். அவர் பதவி விலகியபின் அந்தப் பெட்டியைத் திறப்பார் இல்லை. ஓர் ஏழைப் பெண்ணின் கல்லூரிச் சம்பளத்தைத் தாமே கட்டுவதாக வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மாணவர் எழுதிய கடிதம் அதிலே கிடந்தது. நாங்கள் அதைக் கண்டபோது கல்லூரியில் சேரும் காலம் கடந்துவிட்டது. தலைவன் என்ற முறையில் குற்றம் என்னுடையதே.

இதற்குப் பரிகாரம் எளிது. சங்கத்தின் பெயராலேயே ஓர் இணையப் பெயரை, அதாவது டொமைனை, ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மின்னஞ்சல் விலாசத்தில் ‘அட்’ என்னும் குறியை 1971-இல் புகுத்தியவர் ரே டாம்லின்சன். அக்குறிக்கு முன்னே நிற்பது ஆளின் பெயர். பின்னே நிற்பது இல்லத்தின் பெயர். எந்த இல்லம் எங்கே உள்ளது என்று கூறும் உலகப் பேரேட்டை 1983-இல் வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். அப்பேரேட்டில் எம்.எக்ஸ். என்றொரு பதிவு உண்டு. இப்பெயருக்கு வரும் கடிதங்களை இன்ன கணினியிடம் ஒப்படைக்க என்பதே அதன் பொருள். அக்கணினி ஒரு பட்டியலைப் பார்த்து, ‘காரியதரிசி’ என்ற விலாசத்துக்கு வந்த கடிதத்தை இன்றைய காரியதரிசியின் சொந்தப் பெட்டிக்கு அனுப்பிவிடும். இதற்கு ஃபார்வர்டிங் என்று பெயர். ஆள் மாறினால் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும். அச்சிட்ட விலாசம் அப்படியே நிற்கும்.

சில எச்சரிக்கைகள் உள. அப்பெயரில் முன்பே வேறோர் அஞ்சல் ஏற்பாடு இருப்பின், எம்.எக்ஸ். பதிவை மாற்றியவுடன் கடிதங்கள் யாவும் புதுவழியே செல்லத் தொடங்கும்; ஆதலின் ஆராய்ந்து மாற்றுக. இடையிலுள்ள கணினி வழியாக வருவதால் சில கடிதங்கள் போலியென ஐயுறப்பட்டு ‘ஸ்பாம்’ பெட்டிக்குச் செல்லக்கூடும். அதனையும் நாடோறும் பார்த்தல் நன்று. மேலும், இவ்வேற்பாடு வரும் கடிதத்துக்கே உரியது. சங்கத்தின் விலாசத்திலிருந்து பதில் எழுதுவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். சோதனைக் கடிதத்தை உங்கள் பெட்டியிலிருந்தே அனுப்பாதீர்கள்; பிறரொருவரைக் கொண்டு அனுப்பச் செய்யுங்கள்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. கட்டணம் புதுப்பிக்குமாறு வரும் அறிவிப்பு அதே இணையப் பெயரிலுள்ள விலாசத்துக்கு வரும்படி வைத்தல் ஆகாது. தவணை தப்பினால் அப்பெயரின் அஞ்சலும் நின்றுபோகும். அறிவிப்பு யாரிடம் வந்து சேரும்? சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது போன்றதன்றோ அது! பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவர் அறிந்திருக்கட்டும்.

நாங்கள் இவ்வாறே செய்துவிட்டோம். ஒரு பிற்பகல் வேலைதான். அதை முன்னரே செய்யாமையால் அந்தப் பெண் ஓராண்டு காத்திருந்து மறு ஆண்டே கல்லூரியில் சேர்ந்தாள். உங்கள் ஊர்ச் சங்கமோ, நூல்நிலையமோ, பள்ளியோ அச்சிட்டிருக்கும் விலாசத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதற்கு ஒரு கடிதம் எழுதி, யார் பதில் போடுகிறார் என்று பாருங்கள்.