படிப்பு யார் கணக்கில்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டுக்குப் போய்ப் படிச்ச பிள்ளை ஊருக்குத் திரும்புமா?" என்று நம் வீடுகளில் கேட்பார்கள். திரும்பி வந்து அந்தப் படிப்பை என்ன செய்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஜே.சி.குமரப்பாவின் வாழ்க்கை அதற்கு நல்ல பதில்.

1892 ஜனவரி 4இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து ஆடிட்டரானார். பம்பாயில் தணிக்கைத் தொழில், நல்ல வருமானம், ஐரோப்பிய உடை. பிறகு அமெரிக்கா போய் சிராக்யூஸில் பட்டம் பெற்று, கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் சேர்ந்தார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று குமரப்பா ஒரு தேவாலயத்தில் பேசினார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த பேராசிரியர், "அதையே ஆராய்ச்சி செய்யுங்களேன்" என்றார். சர்க்காரின் வரவு செலவைப் புரட்டப் புரட்ட, அந்நிய ஆட்சி வரி வாங்கும் முறையிலும் செலவழிக்கும் முறையிலும் நம் வறுமையின் வேர் இருப்பது தெரிந்தது. மனிதரே மாறிப்போனார்.

1929 மே மாதம் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அவர் ஆய்வை 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட்ட காந்தி, குஜராத்தில் மாதர் தாலுகா கிராமங்களின் நிலையை ஆராய்ந்து வரச் சொன்னார். குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார் கொலம்பியா பட்டதாரி!

1931இல், இந்தியாவின் பெயரில் பிரிட்டிஷார் எழுதிவைத்த கடனை ஆராய காங்கிரஸ் ஒரு குழு அமைத்தது. அதை முன்னின்று நடத்தியவர் குமரப்பா. பிரிட்டனின் நலனுக்காக நடந்த யுத்தங்களின் செலவை நம் தலையில் கட்டலாமா என்று கணக்குப் போட்டே கேட்டது அந்த அறிக்கை. லண்டனில் கற்ற வித்தை லண்டனையே கேள்வி கேட்டது!

1934 பீகார் பூகம்ப நிவாரணக் கணக்கும் அவர் கையில்தான். காந்தியும் உடன் வந்தவர்களும் பாட்னா வந்தபோது, அவர்கள் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு வந்த பணம் அவர்களுக்கே! மகாத்மாவுக்கும் அதே சட்டம்தான்.

அதே ஆண்டு தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளரானார். பலமுறை சிறை சென்றார். சிறையில் எழுதியதுதான் 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்'. கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30இல், காந்தி மறைந்த அதே தேதியில், காலமானார்.

மாணவச் செல்வங்களே! உங்களில் பலர் அயல்நாடு போவீர்கள். போங்கள், நன்றாகச் சம்பாதியுங்கள். ஆனால் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும், முன்னால் இருக்கும் கணக்கில் யாருடைய பணம் யாருக்குப் போகிறது என்று ஒரு தடவை பாருங்கள். பார்த்ததைச் சொல்லத் துணிவு வந்தால், உங்களைப் படிக்க வைத்த ஊருக்கு அதைவிடப் பெரிய கைம்மாறு வேண்டாம்.